ஹலால் என்ற பெயர் மட்டும் போதுமா? வட்டியில்லா வங்கியும் நம் நாட்டுச் சட்டமும்



அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மயீன். அம்மா பஃது.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்புச் சகோதரர்களே! வீட்டிலிருந்தபடி இந்த உரையைப் பின்னர் படிக்கப்போகும் தாய்மார்களே!

வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியதாக அல்லாஹுதஆலா அல்பகரா அத்தியாயத்தின் 275-வது வசனத்தில் அறிவிக்கிறான். வட்டியை விடாதவர்கள் அல்லாஹ்வுடனும் அவனுடைய தூதருடனும் போருக்குத் தயாராகட்டும் என்று 279-வது வசனத்தில் எச்சரிக்கிறான். வேறு எந்தப் பாவத்துக்கும் குர்ஆனில் இப்படி ஒரு போர் அறிவிப்பு வந்ததில்லை என்று முஃபஸ்ஸிர்கள் நமக்குச் சொல்லித் தருவார்கள். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்பவர் ஆகிய அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வியைக் கேட்கிறீர்கள். "ஹஜ்ரத், நம் நாட்டில் இஸ்லாமிய வங்கி ஏன் இல்லை? இல்லாதபோது நாங்கள் பணத்தை எங்கே வைப்பது?"

இன்று அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

நான் துஆ செய்த இடம்

சில மாதங்களுக்கு முன்பு அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரி தன் மகனோடு பள்ளிவாசல் வாசலில் காத்திருந்தார். கணவர் சவூதியில் வேலை பார்த்து, அங்கேயே மவுத்தாகிவிட்டவர். கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் நான்கு லட்சத்தை அந்தச் சகோதரி ஒரு நிறுவனத்தில் போட்டிருக்கிறார். "வட்டி இல்லை, ஹலால் லாபம்" என்று சொல்லி நம்மவர்களே நடத்திய நிறுவனம். லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் கொடுத்தார்கள். பதினோரு மாதம் ஒழுங்காக வந்தது. பன்னிரண்டாவது மாதம் ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தச் சகோதரி அழவில்லை, ஏசவும் இல்லை. பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். அந்த நிறுவனத்தின் திறப்பு விழா நோட்டீஸ். அதில் என் படம். "நீங்க துஆ செஞ்ச இடம்தானே ஹஜ்ரத், அதை நம்பித்தான் போட்டேன்" என்றார்.

ஆம், நான் போனேன். அழைத்தார்கள், போய் துஆ செய்தேன், சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஹிதாயாவில் முளாரபா பாடத்தை ஓதியவன் நான். மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்தவனும்கூட. மாதாமாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை நிச்சயித்துவிட்டால் முளாரபா ஒப்பந்தமே கெட்டுவிடும் என்பது அந்தப் பாடத்தின் ஆரம்பத்திலேயே வரும் சட்டம். அன்று அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டு அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. மக்களிடம் பணம் வாங்க உங்களுக்கு யார் அனுமதி தந்தது, காகிதத்தைக் காட்டுங்கள் என்றும் கேட்கவில்லை.

நான்கு லட்சத்தில் அவருக்குத் திரும்பி வந்தது 1,32,000. மீதி 2,68,000 ரூபாய்க்கு நாளை மஹ்ஷரில் யார் யார் பதில் சொல்ல வேண்டும் என்ற பட்டியலில் என் பெயரும் இருக்குமோ என்று பயப்படுகிறேன். இந்த மிம்பரின் அருகில் நின்று அந்தச் சகோதரியிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இன்றைய பேச்சு அந்தப் பயத்திலிருந்துதான் வருகிறது.

ஷரீஅத் கேட்பது என்ன?

அன்பர்களே! இஸ்லாமிய வங்கி என்றால் வட்டி என்ற வார்த்தையை எடுத்துவிட்டு லாபம் என்ற வார்த்தையை வைப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி அல்ல. ஷரீஅத் பணத்தை இரண்டு வழிகளில் பார்க்கிறது.

ஒன்று, கடன். கடனாகக் கொடுத்தால் அசல் முழுவதும் திரும்பி வர வேண்டும். வாங்கியவருக்கு லாபமோ நட்டமோ, அது அவர் பாடு. ஆனால் அசலுக்கு மேல் ஒரு பைசா நிபந்தனையாகக் கேட்டாலும் அது ரிபா.

மற்றொன்று, வியாபாரம். முளாரபாவில் ஒருவர் முதல் போடுவார், இன்னொருவர் உழைப்பார். லாபம் வந்தால் பேசிய விகிதப்படி பிரித்துக்கொள்வார்கள். நட்டம் வந்தால் முதல் போட்டவரின் பணம் போகும், உழைத்தவரின் உழைப்பு போகும். முஷாரகாவில் இருவரும் முதல் போடுவார்கள், நட்டத்தை முதலின் அளவுப்படி தாங்குவார்கள். முராபஹாவில் ஒரு பொருளை வாங்கித் தன் கைவசமாக்கிக்கொண்டு, வாங்கிய விலையையும் லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி விற்பார்கள். இஜாராவில் பொருளைத் தன் உடைமையில் வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுவார்கள். இவை அனைத்திலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. லாபம் வேண்டும் என்பவர் பொறுப்பையும் சுமக்க வேண்டும். பலன் என்பது பொறுப்போடு சேர்ந்தது என்ற கருத்திலான நபிமொழி அபூதாவூதில் வந்திருக்கிறது.

ஆகவே உத்தரவாதம் வேண்டுமானால் லாபம் கேட்கக்கூடாது. லாபம் வேண்டுமானால் நட்டத்துக்கும் தோள் கொடுக்க வேண்டும். "அசலுக்கும் கேரண்டி, மாதாமாதம் லாபத்துக்கும் கேரண்டி" என்று ஒருவர் சொன்னால், அவர் தொப்பி போட்டிருந்தாலும் தாடி வைத்திருந்தாலும் அவர் விற்பது வட்டிதான்.

ஸுபைர் (ரலி) அவர்கள் பெற்ற வைப்புத்தொகை

ஸஹீஹ் புகாரியில் ஒரு நீண்ட செய்தி இருக்கிறது. சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்டவர்களில் ஒருவரான ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களிடம் மக்கள் தங்கள் பணத்தைப் பாதுகாக்கக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்கள் அதை அமானிதமாக வாங்க மறுப்பார்கள். "தொலைந்துவிடுமோ என்று பயப்படுகிறேன், இதை எனக்குக் கடனாகக் கொடுங்கள்" என்ற கருத்தில் சொல்வார்கள்.

ஏன் தெரியுமா? அமானிதப் பொருள் பாதுகாப்பவரின் கவனக்குறைவு இல்லாமல் தொலைந்தால் அவர் ஈடு கட்ட வேண்டியதில்லை. கடன் என்றால் எப்படிப் போனாலும் திருப்பித் தந்தே ஆக வேண்டும். அந்தப் பொறுப்பைத் தாமே கேட்டு வாங்கித் தம் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் ஷஹீதானபோது மகன் அப்துல்லாஹ் (ரலி) கணக்குப் பார்த்தார்கள். கடன் 22 லட்சம். காபா என்ற நிலத்தை விற்றார்கள், கடனை அடைத்தார்கள். வாரிசுகள் வந்து சொத்தைப் பிரிக்கச் சொன்னபோது, நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் "ஸுபைரிடம் யாருக்காவது பாக்கி இருந்தால் வாருங்கள்" என்று அறிவிக்காமல் பிரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் அறிவித்த பிறகே பிரித்தார்கள்.

மக்கள் பணத்தை வாங்குகிறவருக்கு இருக்க வேண்டிய மூன்று குணங்கள் இதில் இருக்கின்றன. பொறுப்பு யாருடையது என்பதை வாங்கும்போதே தெளிவாகச் சொல்வது. கணக்கு வைப்பது. அடைப்பதற்குச் சொத்து இருப்பது. இன்றைக்கு ஒரு நாட்டின் வங்கிச் சட்டம் என்று நாம் சொல்வது இந்த மூன்றையும் எல்லோர் மீதும் கட்டாயமாக்குகிற ஏற்பாடுதான்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் வங்கிகளை ஆளுவது 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம். அதன் 5-வது பிரிவு வங்கித் தொழில் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. கடன் கொடுக்கவோ முதலீடு செய்யவோ பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகை பெறுவது, அந்தத் தொகை திருப்பித் தரப்பட வேண்டியது. ஆக, வங்கி வைப்பு சட்டப்படி ஒரு கடன். ஸுபைர் (ரலி) வாங்கியதும் அந்த வகைதான். ஆனால் நட்டத்தில் பங்கு என்று சொல்லும் முளாரபா கணக்கை இந்த வரையறைக்குள் வைக்க முடியாது.

8-வது பிரிவு, வங்கி பொருட்களை வாங்கி விற்கக்கூடாது என்கிறது. அடமானப் பொருளை விற்றுக் கடனை ஈடு செய்வது போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. முராபஹாவோ வாங்கி விற்பதுதான். ஆகவே முடியாது.

9-வது பிரிவு, தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் தவிர வேறு அசையாச் சொத்தை வங்கி ஏழு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்கிறது. வீட்டை வாங்கித் தன் பெயரில் வைத்துக்கொண்டு பதினைந்து, இருபது ஆண்டு வாடகைக்கு விடும் இஜாராவுக்கு அங்கே தடை.

இவை போக, ஒவ்வொரு வங்கியும் வைப்பில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கி சொல்லும் வகைகளில் ஒதுக்கி வைக்க வேண்டும். நடைமுறையில் அது வட்டி தரும் அரசுக் கடன் பத்திரங்களுக்குத்தான் போகிறது. அவசரத்துக்கு வங்கி ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்கினாலும் வட்டிக்குத்தான்.

பத்திரப் பதிவையும் பாருங்கள். நம் மாநிலத்தில் கிரயப் பத்திரத்துக்குப் பொதுவாக முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 3,60,000 ரூபாய். வட்டிக் கடனில் இதை ஒரு தடவை கட்டினால் போதும். முராபஹாவில் நிறுவனம் வாங்கும்போது ஒரு தடவை, உங்களுக்கு விற்கும்போது இன்னொரு தடவை. ஹராமை விட ஹலால் வழிக்கு இரட்டைச் செலவு ஆகிவிடுகிறது.

சகோதரர்களே! இதைக் கேட்டவுடன், "நம்மை ஒதுக்கத்தான் இப்படி எழுதினார்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். வங்கி வியாபாரம் செய்யக்கூடாது என்ற விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. சென்னையில் 1906-ல் அர்பத்நாட் கம்பெனி விழுந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதோடு போனது. மறு ஆண்டு இந்தியன் வங்கி பிறந்ததே அந்த அடியிலிருந்துதான். ஊரார் போட்டுவைத்த பணத்தை வங்கிக்காரர் தம் வியாபார ஆசையில் இழந்துவிடக்கூடாது என்பதுதான் 8-வது பிரிவின் நோக்கம். அந்த நோக்கம் நம் ஷரீஅத்துக்கு எதிரானது அல்ல. அந்த விதி எழுதப்பட்டபோது நம் முறைக்கு ஒரு வாசல் வைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

வாசல் வைத்த நாடுகள்

மலேசியா 1983-ல் தனியாக ஓர் இஸ்லாமிய வங்கிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு அங்கே முதல் இஸ்லாமிய வங்கி திறக்கப்பட்டது. 2013-ல் அதை மாற்றி விரிவான புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு விஷயம் நம் கவனத்துக்கு உரியது. அசலுக்கு உத்தரவாதம் உள்ள வைப்புக் கணக்கு வேறு, நட்டத்தை ஏற்கும் முதலீட்டுக் கணக்கு வேறு என்று சட்டமே பிரித்துவிட்டது. நம் ஃபிக்ஹ் கிதாபுகள் கடன் வேறு, முளாரபா வேறு என்று சொல்வது அங்கே நாட்டுச் சட்டமாக வந்திருக்கிறது. மத்திய வங்கியிலேயே ஷரீஆ ஆலோசனைக் குழு இருக்கிறது. ஒரு வங்கி தனக்குப் பிடித்த ஒரு முஃப்தியைப் பிடித்து ஃபத்வா வாங்கிக்கொள்ள முடியாது.

பிரிட்டன் முஸ்லிம் நாடு அல்ல. அங்கே 2003-ல் நிதிச் சட்டத்தைத் திருத்தி, இதுபோன்ற வீட்டு ஒப்பந்தங்களுக்கு இரட்டை முத்திரைத் தீர்வையை நீக்கினார்கள். 2004-ல் முழுமையான இஸ்லாமிய வங்கி ஒன்று திறக்கப்பட்டது. அங்கேயும் வைப்பு என்றால் திருப்பித் தர வேண்டும் என்ற சட்டம் குறுக்கே வந்தது. உத்தரவாதம் சட்டப்படி எல்லோருக்கும் உண்டு, தன் மார்க்கத்துக்காக அதை வேண்டாம் என்பவர் மறுத்துக்கொள்ளலாம் என்று வழி கண்டார்கள்.

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2005-ல் வங்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2011-ல் முழுமையான இஸ்லாமிய வங்கியாக அமானா வங்கி தொடங்கியது.

மூன்று நாட்டிலும் வரிசை ஒன்றுதான். முதலில் சட்டம், பிறகு வங்கி. சட்டம் வராமல் பலகையை மாட்டியவர்கள் அங்கே வங்கி ஆகவில்லை.

இங்கே நடந்த முயற்சிகள்

நம் நாட்டிலும் பேச்சே எழாமல் இல்லை. நிதித்துறைச் சீர்திருத்தத்துக்காக ரகுராம் ராஜன் தலைமையில் அமைந்த குழு 2008-ல் வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. மார்க்கக் காரணத்தால் வங்கியிலிருந்து ஒதுங்கி நிற்கும் ஏழைகளை உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது அவர்களின் வாதம். 2016-ல் ரிசர்வ் வங்கியும், இருக்கிற வங்கிகளிலேயே இதற்கென ஒரு தனிப் பிரிவு திறந்து படிப்படியாகத் தொடங்கலாம் என்ற யோசனையை மத்திய அரசுக்குச் சொன்னது. 2017 நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு, எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை சமமாகக் கிடைப்பதைக் கருத்தில் கொண்டு இதில் மேற்கொண்டு செல்வதில்லை என்று முடிவு செய்ததாக ரிசர்வ் வங்கி பதில் தந்தது.

கேரளத்தில் அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் பங்கெடுக்கும் ஒரு வட்டியில்லா நிதி நிறுவனத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2011 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அது வங்கி அல்ல, வங்கி சாரா நிதி நிறுவனம். வட்டி வாங்காமல் தொழில் செய்வதை நம் நாட்டில் எந்தச் சட்டமும் குற்றம் ஆக்கவில்லை. வங்கி என்ற வடிவத்தில் செய்வதற்குத்தான் சட்டத்தில் இடம் இல்லை.

இந்த வாசல் திறக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. மனுவாகக் கேளுங்கள், ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள். முஸ்லிமுக்கு மட்டுமான சலுகையாகக் கேட்காதீர்கள். கந்துவட்டியில் கழுத்து நெரிபடும் எல்லோருக்குமான வழியாகக் கேளுங்கள். ஆனால் திறக்கும்வரை என்ன செய்வது?

காலி இடத்தில் நுழைந்தவர்கள்

சட்டத்தில் இடம் இல்லாத அந்தக் காலி இடத்தில்தான் ஏமாற்றுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். "வங்கியில் போட்டால் ஹராம், எங்களிடம் போட்டால் ஹலால்" என்று நம் தக்வாவையே அவர்கள் முதலாக்கிக்கொண்டார்கள்.

ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019-ல் வந்தது. அந்தச் சட்டம் வைப்பு என்பதை எப்படி வரையறுக்கிறது தெரியுமா? திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கும் பணம். அதற்கு மேல் தருவதை வட்டி என்று சொன்னாலும், போனஸ் என்று சொன்னாலும், லாபம் என்று சொன்னாலும், ஒன்றுமே தராவிட்டாலும் அது வைப்புதான். பெயரை மாற்றினால் பொருள் மாறாது என்று ஷரீஅத் சொல்வதை இந்தச் சட்டமும் சொல்கிறது. அனுமதி இல்லாமல் இப்படி வாங்குபவருக்கு இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. "போடுங்கள், நல்ல நிறுவனம்" என்று ஆள் பிடித்துக் கொடுப்பவருக்கும் ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. கமிஷனுக்காகச் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போன சகோதரர்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் எழுதச் சொல்கிறான்

குர்ஆனின் மிக நீளமான வசனம் எது? தொழுகையைப் பற்றியா? நோன்பைப் பற்றியா? இல்லை. அல்பகராவின் 282-வது வசனம், கடன் எழுதுவதைப் பற்றியது. தவணை குறித்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளும்படியும், நேர்மையாக ஒருவர் எழுதும்படியும், சாட்சிகளை வைக்கும்படியும், சிறியதோ பெரியதோ எழுதச் சலிப்படைய வேண்டாம் என்றும் அல்லாஹ் கட்டளையிடுகிறான். சந்தேகம் வராமல் இருக்க அதுவே நெருக்கமான வழி என்றும் காரணம் சொல்கிறான்.

கவனியுங்கள். அந்த வசனம் முதலில் யாருக்கு இறங்கியது? ஸஹாபாக்களுக்கு. அவர்களை விட நம்பிக்கைக்கு உரிய ஒரு கூட்டம் பூமியில் உண்டா? அவர்களிடமே எழுதிக்கொள்ளும்படி அல்லாஹ் சொன்னான். நாமோ, "நம்ம பாய்தானே, எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்" என்கிறோம். காகிதம் கேட்பது தவக்குலுக்கு எதிரானது அல்ல. காகிதம் கேட்பது குர்ஆனின் கட்டளை. அன்று நான் அந்தக் கட்டளையை மறந்தேன்.

ஆகவே இனி யார் உங்களிடம் முதலீடு என்று வந்தாலும் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, மக்களிடம் பணம் வாங்க யாருடைய அனுமதி இருக்கிறது? ரிசர்வ் வங்கியா, செபியா, கூட்டுறவுப் பதிவாளரா? ஜிஎஸ்டி எண்ணும் கம்பெனிப் பதிவும் மாநகராட்சி லைசென்ஸும் வைப்பு வாங்குவதற்கான அனுமதி அல்ல. ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம்.

இரண்டாவது, லாபம் விகிதமா, நிச்சயித்த தொகையா? தொகை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, என்ன வியாபாரம்? சரக்கு எங்கே? ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கு எங்கே?

நான்காவது, நட்டம் வந்தால் யார் தாங்குவது? இந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்புகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த விழாவுக்கு வந்த ஹஜ்ரத் யார் என்று பார்க்காதீர்கள். ஆலிமின் துஆ லைசென்ஸ் ஆகாது.

இருக்கிற வழிகள்

அப்படியானால் பணத்தை என்னதான் செய்வது? சம்பளத்துக்கும் பாதுகாப்புக்கும் வங்கிக் கணக்கு இன்று தேவையாகிவிட்டது. நடப்புக் கணக்குக்கு வட்டி கிடையாது. சேமிப்புக் கணக்கில் தானாக ஏறும் வட்டியை நம் செலவுக்கு எடுக்காமல், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படி உலமாக்கள் வழிகாட்டுகிறார்கள். ஐந்து லட்சம் வரையிலான வைப்புக்கு வங்கி விழுந்தாலும் காப்பீடு உண்டு.

லாபம் வேண்டுமானால் உண்மையான கூட்டு வியாபாரம் செய்யுங்கள். கூட்டாண்மைப் பத்திரம் எழுதிப் பங்குதாரராகச் சேருங்கள். பங்குதாரர் போடும் முதலை 2019 சட்டம் வைப்பாகக் கருதுவதில்லை. ஆனால் பெயருக்குப் பங்குதாரர் ஆகாதீர்கள். கணக்கைப் பார்க்கிற உரிமையும் நட்டத்தைத் தாங்குகிற மனமும் இருந்தால் மட்டும் சேருங்கள். வேறு மாநிலங்களில் வட்டியில்லாக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் முறைப்படி பதிவு செய்து, உறுப்பினர்களுக்குள் மட்டும் சேமிப்பும் கடனும் நடத்துகின்றன. நம் ஊர் இளைஞர்கள், வக்கீல்கள், ஆடிட்டர்கள் அமர்ந்து அதைப் பற்றி ஆராய வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் தம் கவசத்தை ஒரு யூதரிடம் அடகு வைத்துக் குடும்பத்துக்கு வாற்கோதுமை வாங்கிய செய்தியை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். தேவை நபியின் வீட்டுக்கே வந்தது என்றால் நம் வீடுகளுக்கு வராதா? ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது அவருக்குக் கடன் இருக்கிறது, அடைக்க எதுவும் இல்லை என்று தெரிந்து தொழவைக்காமல் நின்றார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்தார்கள். பொறுப்பேற்க ஒருவர் இருந்தார் என்பதுதான் அந்தச் சமுதாயத்தின் அழகு.

நம் ஜமாஅத் நிர்வாகம் இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறது. ஒன்று, இனி எந்த முதலீட்டு நிறுவனத்துக்கும் இந்தப் பள்ளிவாசலில் அறிவிப்பு இல்லை, நோட்டீஸ் இல்லை. திறப்பு விழாவுக்கு இமாமும் போக மாட்டார். இரண்டு, பைத்துல்மாலில் அழகிய கடனுக்கென ஒரு நிதி. இதற்கு நன்கொடை மட்டுமே வாங்குவோம், யாரிடமும் வைப்பு வாங்க மாட்டோம். 25,000 ரூபாய் வரை, பத்து மாதத் தவணை, எழுத்து ஒப்பந்தம், இரண்டு சாட்சிகள். வட்டியும் இல்லை, லாபமும் இல்லை. மாதக் கணக்கு ஒளூச் செய்யும் இடத்துக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டப்படும். கடன் வாங்கியவரின் பெயர் மட்டும் அதில் இருக்காது. சிறியதுதான். ஆனால் ஒரு வீட்டுப் பெண் கந்துவட்டிக்காரனின் வாசலில் நிற்காமல் இருக்க இது உதவும்.

கடைசியாக, ஏமாந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மானம் போகும் என்று மறைக்காதீர்கள். ரசீதையும் வங்கிப் பரிமாற்ற விவரத்தையும் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் அவர்களின் சொத்தை முடக்கி உங்களுக்குப் பங்கிட வழி செய்கிறது. "நம்மவரைக் காட்டிக் கொடுக்கலாமா" என்று கேட்பவர்களிடம் 283-வது வசனத்தை ஓதிக் காட்டுங்கள். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்கு உள்ளாகிறது என்று அல்லாஹ் அங்கே சொல்கிறான். அந்தச் சகோதரியோடு நானும் போனேன். அந்த நோட்டீஸில் என் படம் எப்படி வந்தது என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

யா அல்லாஹ்! வட்டியின் புகையிலிருந்தும் அதன் சாயலிலிருந்தும் எங்கள் வீடுகளைக் காப்பாயாக! ஹலாலான வழியை எங்களுக்கு இலேசாக்குவாயாக! எங்கள் நாட்டில் அதற்கான வாசலை நல்லவர்களின் கையால் திறப்பாயாக! ஏமாற்றப்பட்டவர்களின் பொருளை அவர்களிடம் சேர்ப்பாயாக! எங்கள் கவனக்குறைவால் பிறருக்கு ஏற்பட்ட இழப்பை மன்னித்து, அதை ஈடு செய்யும் துணிவைத் தருவாயாக! கடனோடு எங்களை மவுத்தாக்கிவிடாதே!

ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.